உணவும் உழைப்பும் மூச்சும்

காவிரி பாயும் தஞ்சை நாட்டில் வேளாண்மை என்பது பெரும்பாலும் அளவறிந்து செய்யும் தொழிலாகும். ஆண்டுதோறும் ஜூன் 12ஆம் நாள் மேட்டூர் அணையைத் திறப்பது மரபு. நீர் இருப்புக் குறைந்த ஆண்டுகளில் அந்நாள் தள்ளிப்போவதும் உண்டு. அணையிலிருந்து வரும் நீர் கல்லணையில் பிரிந்து, ஆறுகளாகவும் வாய்க்கால்களாகவும் கிளைத்து, மடை வழியே வயலை அடைகின்றது. நீர் மிகுந்து தேங்கினால் பயிர் அழுகும், குறைந்தால் கருகும். எந்த நாளில் மடையைத் திறப்பது, எந்த நாளில் அடைப்பது என்று அறிந்தவனே நல்ல உழவன்.

நம் முன்னோர் மனித உடம்பையும் ஏறத்தாழ இதே நோக்கில்தான் கண்டனர். வாதம், பித்தம், கபம் என்னும் மூன்றும் உடம்பை இயக்குகின்றன என்றும், அவை தத்தம் அளவில் நிற்பதே நலம் என்றும், அளவு பிறழ்வதே நோய் என்றும் அவர்கள் கருதினர். ஆயுர்வேதத்திற்கும் சித்த மருத்துவத்திற்கும் இக்கொள்கை பொதுவானது. இன்றைய உடலியல் அறிவு இம்மூன்றையும் தனித்தனிப் பொருள்களாக உடம்பில் காணவில்லை. ஆயினும், உடம்பு ஒரு சமநிலையால் வாழ்கின்றது என்ற கருத்தை அது மறுக்கவும் இல்லை. குருதியின் சர்க்கரை, உடலின் வெப்பம், நீரின் அளவு ஆகியவை குறித்த எல்லைக்குள் நிற்கும்வரைதான் நாம் நலமாக இருக்கின்றோம்.

திருக்குறளில் 'மருந்து' என்று ஓர் அதிகாரம் உண்டு. அது 95ஆவது அதிகாரம். தலைப்பைக் கண்டு, அதில் மூலிகைகளின் பெயர்கள் இருக்கும் என்று எதிர்பார்ப்பவர் ஏமாற்றம் அடைவர். அதில் ஒரு மூலிகையும் இல்லை. பத்துக் குறள்களில் முதல் ஏழும் அளவைப் பற்றியும், அதிலும் பெரும்பாலும் உண்ணும் முறையைப் பற்றியுமே பேசுகின்றன. எஞ்சிய மூன்றே மருத்துவன் செயற்பட வேண்டிய வகையைக் கூறுகின்றன. முன் உண்டது செரித்தபின் உண்பவனுக்கு மருந்தே வேண்டியதில்லை என்பது வள்ளுவர் முடிபு. அதிகாரத்தின் முதற்குறளுக்கு உரை எழுதிய பரிமேலழகர் இன்னும் ஒரு படி சென்றார். மிகுந்தாலும் குறைந்தாலும் நோய் செய்வது எது என்ற வினாவுக்கு, உணவு ஒன்றை மட்டும் அவர் விடையாகக் கூறவில்லை. உணவும் செயலும் என்று இரண்டையும் சேர்த்துக் கூறினார். உண்பதற்கும் உழைப்பதற்கும் இடையே உள்ள இந்த உறவை மாணவர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னர் அதற்குத் திரும்ப வருவோம்.

அன்றாட ஒழுக்கத்தை விரிவாக வகுத்த வடமொழி மருத்துவ நூல்களுள் வாக்படரின் 'அஷ்டாங்க ஹிருதயம்' குறிப்பிடத்தக்கது. அதன் முதற்பகுதியில் நாளொழுக்கம், பருவ ஒழுக்கம், இயற்கை உந்துதல்களை அடக்காமை ஆகியவற்றிற்குத் தனித்தனி இயல்கள் அமைந்துள்ளன. நோய்களைக் கூறுமுன் நலத்தைக் கூறும் முறை இது. வயிற்றை நான்கு பங்காக எண்ணி, இரண்டு பங்கை உணவாலும் ஒரு பங்கை நீராலும் நிரப்பி, நான்காம் பங்கைக் காற்றுக்கு விட வேண்டும் என்று அந்நூல் கூறுகின்றது. உடற்பயிற்சியை நாள்தோறும் செய்ய வேண்டும் என்கின்றது. ஆனால், வலிமை முழுவதையும் செலவிடாமல் பாதியளவில் நிறுத்திக்கொள்ள வேண்டும் என்றும் எச்சரிக்கின்றது. உண்பதானாலும் உழைப்பதானாலும் சிறிது மிச்சம் வைத்தல் என்பதே அதன் கருத்து.

இந்த ஒழுக்கத்தைத் தஞ்சை நாட்டு மக்கள் நூலில் உள்ளவாறே ஏற்றுக்கொண்டனர் என்று எண்ண வேண்டா. தம் மண்ணுக்கு ஏற்ப அதை மாற்றிக்கொண்டனர். வடமொழி நூல்கள் கூறும் மழைக்காலம் ஆடியும் ஆவணியும் சார்ந்தது. காவிரிப் படுகையிலோ பெருமழை ஐப்பசியிலும் கார்த்திகையிலும் வடகிழக்குப் பருவக்காற்றோடு வருகின்றது. மழை நாளில் செரிக்கும் ஆற்றல் மந்தமாகும் என்பது மருத்துவ நூல்களின் கருத்து. ஆகவேதான் ஐப்பசியில் வரும் தீபாவளியன்று, பலகாரத்திற்கு முன்னரே சுக்கும் மிளகும் திப்பிலியும் ஓமமும் வெல்லமும் நெய்யும் சேர்த்துக் கிளறிய மருந்து உள்ளங்கையில் வைக்கப்படுகின்றது. சித்திரை வெயிலில் நீர்மோரும், விடியலில் நீராகாரமும், வாரந்தோறும் எண்ணெய்க் குளியலும் இவ்வாறு பருவத்தோடும் வாழ்வோடும் இணைந்தவையே. மருத்துவன் வீட்டுக்கு வருமுன் அடுக்களையே முதல் மருத்துவசாலையாக இருந்தது.

அடுக்களையோடு மருத்துவம் நின்றுவிடவும் இல்லை. சோழர் காலத்தில் மருத்துவமனைக்கு 'ஆதுலசாலை' என்று பெயர். தஞ்சையில் சுந்தர சோழரின் பெயரால் அத்தகைய சாலை ஒன்று இருந்ததையும், முதலாம் இராசராசனின் தமக்கையாகிய குந்தவையார் அதற்குக் கொடை அளித்ததையும் கல்வெட்டுகளால் அறிகின்றோம். இதனினும் விரிவான செய்தி சோழ நாட்டின் எல்லைக்கு வெளியே, தொண்டை மண்டலத்தில் கிடைக்கின்றது. காஞ்சிபுரத்தை அடுத்த திருமுக்கூடலில் வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உள்ளது. 1068ஆம் ஆண்டை ஒட்டியது. அங்கே கோயிலோடு இணைந்து ஒரு கல்விச்சாலையும், அதன் மாணவர்களுக்கும் கோயில் பணியாளர்களுக்கும் என 15 படுக்கைகள் கொண்ட மருத்துவமனையும் இருந்தன. மருத்துவர், அறுவை செய்பவர், மூலிகை கொணர்வோர், நோயாளரைப் பேணும் பெண்டிர் ஆகியோர் அங்குப் பணியாற்றினர். ஏறத்தாழ இருபது வகை மருந்துகள் ஓராண்டுக்குச் சேமித்து வைக்கப்பட்டன. கடுக்காயால் செய்த மருந்துகளும் அவற்றுள் உண்டு. பிணியாளி, மருத்துவன், மருந்து, உடன் இருந்து பேணுபவன் என்று வள்ளுவர் எண்ணிய நான்கு உறுப்புகளையும் அங்கே ஒருசேரக் காணலாம். மாணவர் விடுதிக்கு மருத்துவமனை வேண்டும் என்ற எண்ணம் நம் நாட்டுக்குப் புதிதன்று என்பதும் இதனால் விளங்கும்.

இனி, தஞ்சையின் மருத்துவ வரலாற்றில் தலைமையான இடம் பெறும் ஒருவரைப் பற்றிக் கூற வேண்டும். அவர் மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோசி. 1777இல் பிறந்து, 1798 முதல் 1832 வரை அரியணையில் இருந்தார். ஆட்சியின் அதிகாரம் பெரும்பாலும் ஆங்கிலக் கம்பெனியாரிடம் சென்றுவிட்ட காலம் அது. ஆளுதற்குச் சிறிது நிலமே எஞ்சிய மன்னர், அறிவுலகில் தம் நாட்டை விரித்துக்கொண்டார். நாயக்கர் காலந்தொட்டு வளர்ந்து வந்த சரசுவதி மகால் நூலகத்தைப் பன்மொழிச் சுவடிகளாலும் ஐரோப்பிய நூல்களாலும் நிறைத்தார். செருமானியப் பாதிரியார் சுவார்ட்சின் கண்காணிப்பில் இளமையில் கல்வி பெற்றவர் ஆதலின், மேலை நாட்டு அறிவு அவருக்கு அயலானதாகத் தோன்றவில்லை.

அவர் நிறுவிய 'தன்வந்திரி மகால்' நம் பொருளுக்கு நேர்த் தொடர்புடையது. ஆயுர்வேதம், சித்தம், யுனானி, ஐரோப்பிய மருத்துவம் என்னும் துறைகளில் வல்லவர்கள் அங்கே கூடிப் பணியாற்றினர். மருந்துகள் செய்யப்பட்டன, அவை நோயாளருக்குக் கொடுக்கப்பட்டன, பயன் கண்டவை குறிக்கப்பட்டன. அக்காலத்துக் கண் நோயாளர் சிலரைப் பற்றிய பதிவுகள் இன்றும் சரசுவதி மகாலில் பேணப்படுகின்றன. நோயின் நிலையும் செய்த சிகிச்சையும் எழுதப்பட்டு, நோயுற்ற கண்ணின் தோற்றம் வண்ண ஓவியமாகவும் தீட்டப்பட்டிருக்கின்றது. நிழற்படக் கருவி வழக்கிற்கு வராத காலத்தில், கண்ட நோயை மறவாமல் காக்க மன்னர் கண்ட வழி அது. தேர்ந்த மருந்து முறைகளைப் புலவர்களைக் கொண்டு தமிழ்ச் செய்யுளாகவும் ஆக்கினார். அவை 'சரபேந்திர வைத்திய முறைகள்' என்னும் பெயரால் பின்னாளில் நூலகத்தின் வெளியீடுகளாக அச்சேறின. நீரிழிவுக்கு உரிய முறைகளும் கண் நோய்க்கு உரிய முறைகளும் அவற்றுள் அடங்கும்.

சரபோசியின் பெருமை அவர் பழமையைப் போற்றியதில் மட்டும் இல்லை. பழமையைக் கொடுத்துப் பார்த்து, விளைவைக் கண்டு, எழுதி வைத்ததிலேதான் அது இருக்கின்றது. தம் முறையே உயர்ந்தது என்று எந்த மருத்துவரும் சொல்லிக்கொள்ளலாம். ஆனால், நோயாளியின் கண்ணை வரைந்து வைக்கும்போது சொல்லுக்கு இடமில்லை. கண் தேறியதா இல்லையா என்பதே அங்கு வினா.

இந்த முறை எத்தகைய பயன் தரும் என்பதற்கு, அண்மை நூற்றாண்டில் நிகழ்ந்த ஒன்றைக் காட்டலாம். சர்ப்பகந்தி என்னும் செடியின் வேரை நம் நாட்டு வைத்தியர் நெடுங்காலம் கையாண்டு வந்தனர். பம்பாயில் பணியாற்றிய இதய மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல், குருதி அழுத்தம் மிகுந்த நோயாளருக்கு அவ்வேரைக் கொடுத்து, விளைவுகளை 1949இல் பிரித்தானிய மருத்துவ இதழ் ஒன்றில் வெளியிட்டார். 1952இல் சுவிட்சர்லாந்து அறிஞர்கள் அவ்வேரிலிருந்து 'ரெசர்பின்' என்னும் பொருளைப் பிரித்தெடுத்தனர். உலகெங்கும் அது மருந்தாயிற்று. மேலும் ஆராய்ந்தபோது, சிலருக்கு அது மனச்சோர்வைத் தரக்கூடும் என்பதும் கவனிக்கப்பட்டது. அதனினும் நல்ல மருந்துகள் வந்தபின் அதன் வழக்கம் குறைந்தது. நன்மையை வெளிப்படுத்திய அதே ஆராய்ச்சிதான் தீமையையும் வெளிப்படுத்திற்று என்பதை மாணவர்கள் கவனிக்க வேண்டும்.

உணவையும் மருந்தையும் பார்த்தோம். மூச்சைப் பற்றிய கல்வியும் இம்மண்ணில் தொன்மையானது. திருமூலர் தவம் இருந்த இடம் மயிலாடுதுறைப் பக்கத்துத் திருவாவடுதுறை என்பது வழிவழிச் செய்தி. அவர் இயற்றிய திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரம், இயமம், நியமம், ஆதனம், பிராணாயாமம், பிரத்தியாகாரம், தாரணை, தியானம், சமாதி என்னும் எட்டு உறுப்புகளை விளக்குகின்றது. பதஞ்சலியின் யோக சூத்திரத்திலும் இவ்வெட்டே கூறப்படுகின்றன. இவ்வரிசையில் உடலை வளைக்கும் ஆதனம் மூன்றாவதாகவே வருகின்றது. அதற்கு முன் நிற்பவை கொல்லாமை, பொய்யாமை, தூய்மை முதலிய ஒழுக்கங்கள். ஐக்கிய நாடுகள் அவை 2014இல் ஜூன் 21ஆம் நாளை உலக யோகா நாளாக அறிவித்தது. அந்நாளில் நாம் காணும் ஆதனங்கள் யோகத்தின் ஓர் உறுப்பே. யோகம் முழுவதும் அன்று.

மூச்சை உள்ளே இழுத்தற்கு 16, நிறுத்தி வைத்தற்கு 64, வெளியே விடுதற்கு 32 மாத்திரை என்று திருமூலர் கணக்குக் கூறுகின்றார். இது பயின்று முதிர்ந்தோர்க்கு உரிய அளவு. ஆசிரியர் துணையின்றி இளைஞர் மூச்சை நெடுநேரம் அடக்கிப் பார்த்தல் தகாது. ஆயினும், இக்கணக்கில் ஓர் எளிய உண்மை இருக்கின்றது. உள்ளே இழுப்பதைப்போல் இருமடங்கு நேரம் வெளியே விட வேண்டும் என்பதே அது. மூச்சை வெளியே விடும்போது இதயத் துடிப்புச் சிறிது தளர்கின்றது என்பதை இன்றைய உடலியல் விளக்குகின்றது. மூளையிலிருந்து இதயத்திற்குச் செல்லும் 'வேகஸ்' நரம்பு அப்போது மிகுதியாகச் செயற்படுகின்றது. தேர்வுக்கூடத்தில் நெஞ்சு படபடக்கும் மாணவன், மூச்சை அடக்காமல், மெல்ல இழுத்து அதனினும் மெல்ல விட்டுப் பார்க்கலாம். அதற்குப் பொருட்செலவு இல்லை. அடுத்தவர் அறியவும் வேண்டுவதில்லை.

முன்பு ஒத்திவைத்த செய்திக்கு, அதாவது உணவுக்கும் உழைப்புக்கும் உள்ள உறவுக்கு, இப்போது வருவோம். தஞ்சை நாட்டின் உணவு நெற்சோறு. நெல்லை ஊறவைத்து, அவித்து, உலர்த்திப் பின்பு அரிசியாக்கும் புழுங்கல் முறை நம்மிடையே பழமையானது. அதன் அருமை தெரிய ஒரு கொடிய நோய் வர வேண்டியிருந்தது. 1890களில் சாவகத் தீவில் பணியாற்றிய டச்சு மருத்துவர் ஐக்மன், தீட்டிய அரிசியை மட்டும் தின்ற கோழிகள் கால் தளர்ந்து விழுவதைக் கண்டார். மனிதரை வாட்டிய 'பெரிபெரி' நோயும் இத்தகையதே. தவிட்டில் உள்ள உயிர்ச்சத்து நீங்கிவிடுவதே காரணம் என்பது பின்னர்த் தெளிவாயிற்று. 1929இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இந்தியாவில் தீட்டிய பச்சரிசியை உண்ட வட சர்க்கார் மாவட்டங்களில் இந்நோய் பரவியிருந்தது. புழுங்கலரிசி உண்ட பகுதிகளில் அது அரிதாகவே காணப்பட்டது. நெல்லை அவிக்கும்போது தவிட்டின் சத்தில் ஒரு பகுதி அரிசியின் உள்ளே இறங்கிவிடுகின்றது என்பதே காரணம். அடுப்படியில் நெல் அவித்த பெண்டிர்க்கு 'தயமின்' என்ற பெயர் தெரியாது. எனினும், அவர்கள் கைம்முறை பல குடும்பங்களைக் காத்தது.

இன்று தஞ்சை நாட்டை எதிர்நோக்கும் இடர் வேறு. சத்துக் குறைவினால் வந்தது அந்நோய்; அளவு பிறழ்வதால் வருவது இந்நோய். ஒரு தலைமுறைக்கு முன்பு, ஏரோட்டியும் நாற்றுப் பறித்தும் நடவு நட்டும் கதிர் அறுத்தும் களத்தில் போரடித்தும் வாழ்ந்தவர்களுக்கு ஒரு வட்டில் சோறு தேவையாக இருந்தது. இன்று உழவு டிராக்டரால் நடக்கின்றது. அறுவடைக்கு எந்திரம் வருகின்றது. பள்ளிக்குப் பேருந்தில் செல்கின்றோம். முதுகு ஒடியும் அவ்வுழைப்புக் குறைந்தது வரவேற்கத்தக்கதே. ஆனால், உழைப்புக் குறைந்த அளவுக்குச் சோறு குறையவில்லை. பரிமேலழகர் கூறிய இரண்டில் செயல் தேய்ந்தது, உணவு நின்றது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையோடு நாடெங்கும் நடந்த ஆய்வின் முடிவுகள் 2023இல் வெளிவந்தன. இந்தியாவில் ஏறத்தாழ 10 கோடியே 10 இலட்சம் மக்கள் நீரிழிவு உடையவர்கள் என்று அவ்வாய்வு மதிப்பிட்டது. சோறும் இனிப்பும் மிகுந்து, காய்கறியும் பருப்பும் குறைந்து, உடல் உழைப்பும் அருகிய வாழ்வு அதற்கு வாயில் ஆகின்றது.

பூங்கார், மாப்பிள்ளைச் சம்பா, கருப்புக் கவுனி முதலிய பழைய நெல் வகைகளை நாடிப் பலர் இன்று வருகின்றனர். அவை அழிந்துவிடாமல் திருத்துறைப்பூண்டிப் பகுதியில் தேடித் திரட்டிப் பரப்பிய நெல் ஜெயராமனின் பணி போற்றத்தக்கது. அவர் 2018இல் மறைந்தார். தவிடு நீங்காத அரிசியில் நாரும் சத்தும் மிகுதி என்பதும் உண்மை. ஆனால், எந்த அரிசியானாலும் அளவின்றி உண்டால் அதுவும் சர்க்கரையே ஆகும். பழைய நெல்லை மீட்டது போதாது. பழைய உழைப்பின் இடத்தில் நடையையும் விளையாட்டையும் ஆதனப் பயிற்சியையும் வைத்தாக வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் கூறியாக வேண்டும். ஏனெனில், இதில் உயிர் அடங்கியிருக்கின்றது. சிறுவர்க்கும் இளைஞர்க்கும் வரும் ஒருவகை நீரிழிவில் உடம்பு இன்சுலினை ஏறத்தாழ அறவே சுரப்பதில்லை. இன்சுலின் கண்டறியப்பட்ட 1921ஆம் ஆண்டுக்கு முன்னர் அந்நோய் வந்த பிள்ளைகள் பிழைத்ததில்லை. 1922 சனவரியில் கனடாவின் டொரான்டோ நகரில் அம்மருந்தை முதன்முதல் பெற்றவன் 14 வயதுச் சிறுவன். உங்களுள் பலருடைய வயதினன். அத்தகைய பிள்ளைக்கு இன்சுலினை நிறுத்தி மூலிகையை மட்டும் கொடுப்பது, ஓடும் வாய்க்காலை அடைத்துவிட்டுப் பயிருக்கு மழை வரும் என்று காத்திருப்பது போன்றதாகும். பாதரசம், ஈயம், பாடாணம் முதலியவை கலந்த மருந்துகளைத் தேர்ந்த மருத்துவரின் மேற்பார்வையின்றி உட்கொள்வதும் ஆபத்தே. அமெரிக்காவின் பாஸ்டன் நகரக் கடைகளில் விற்ற 70 ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்தபோது, 14இல் இத்தகைய கன உலோகங்கள் இருந்தன என்று 2004இல் வெளியான ஆய்வு ஒன்று கூறிற்று. மரபின்மீது பற்றுள்ளவர்களே இதை முதலில் கேட்டுத் தெளிய வேண்டியவர்கள்.

அவ்வாறாயின், மாணவர் கைக்கொள்ள வேண்டியது யாது? பசித்தபின் உண்க, தட்டில் சோற்றைச் சிறிது குறைத்துக் கீரையும் காயும் பருப்பும் கூட்டுக. நாள்தோறும் வியர்க்கும் அளவுக்கு உடம்பை இயக்குக. அதற்கு ஆதனம் ஆனாலும் சரி, ஆற்றங்கரை நடை ஆனாலும் சரி. படிக்க அமருமுன் சிறிது நேரம் முதுகு நிமிர்ந்து மெல்ல மூச்சு விடுக. இரவில் கைபேசியின் ஒளியை விலக்கி நேரத்தோடு உறங்குக. அவ்வொளி உறக்கத்தை வருவிக்கும் சுரப்பைக் குறைக்கின்றது. இவற்றைச் செய்து வரும்போது, ஒரு சிறு குறிப்பேட்டில் உண்டதையும் உழைத்ததையும் உறங்கியதையும் ஒரு திங்கள் எழுதி வாருங்கள். உங்கள் உடம்பு எதனால் தெளிகின்றது, எதனால் தளர்கின்றது என்பது அதில் தெரியும்.

பிறர் ஒரு மருந்தைப் புகழ்ந்தால், யாருக்குக் கொடுத்தார்கள், என்ன கண்டார்கள், எங்கே எழுதி வைத்தார்கள் என்று கேளுங்கள். இருநூறு ஆண்டுகளுக்கு முன் தஞ்சை அரண்மனையில் அவ்வினாக்களைக் கேட்ட மன்னர் ஒருவர் இருந்தார். அவர் கேட்டு எழுதி வைத்த ஏடுகள் சரசுவதி மகாலில் இன்றும் இருக்கின்றன. தஞ்சைக்குச் செல்லும்போது பெரிய கோயிலைக் கண்டபின் அந்நூலகத்தையும் சென்று காணுங்கள்.